"பாட்டி பசு மாதிரி" என்று ஆங்கிலத்தில் எழுதினால் ஏன் தப்பு?

குடியாத்தத்துக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ஆசிரியர்களும் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களும் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள், ஆங்கில வழி. போன வாரம் தனக்குப் பிடித்த ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவள் என் அம்மாவைப் பற்றி எழுதினாள். அம்மா யாரிடமும் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர். "அவங்க பசு மாதிரி" என்று எங்கள் தெருவே சொல்லும். மகள் அதை அப்படியே "மை கிராண்ட்மதர் இஸ் லைக் எ கௌ" என்று எழுதிவிட்டாள். ஆசிரியை அந்த வரியைச் சிவப்பு மையால் சுழித்து, பக்கத்தில் "மரியாதைக் குறைவு" என்று எழுதி, வகுப்பில் சத்தமாகப் படித்தும் காட்டியிருக்கிறார். பிள்ளைகள் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

அவள் வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கழற்றாமல், "நைனா, நான் பாட்டியைத் திட்டிட்டேனா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் பத்தாவது வரைதான் படித்தேன், அதுவும் தமிழ் வழி.

அவள் பாட்டியை எவ்வளவு உயர்வாக நினைத்து எழுதினாள் என்று எனக்குத் தெரியும். அது எப்படித் திட்டாக மாறியது? எந்த மிருகத்தை ஆங்கிலத்தில் நல்லதற்குச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது? அவளுக்குப் புரிகிற மாதிரி யாராவது எழுதுங்கள்.

சத்துவாச்சாரி தம்பி

அண்ணா, ஆங்கிலத்தில் ஒரு பெண்ணைக் 'கௌ' என்றால் பருமனானவள், அல்லது மோசமான குணம் உள்ளவள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அதனால்தான் ஆசிரியை சுழித்திருப்பார்.

நாங்கள் பள்ளியில் இதை ஒரு பட்டியலாக மனப்பாடம் செய்தோம். சுறுசுறுப்புக்குத் தேனீ, தந்திரத்துக்கு நரி, பிடிவாதத்துக்குக் கோவேறு கழுதை, சாந்தத்துக்கு ஆட்டுக்குட்டி, சத்தமில்லாமல் இருப்பதற்குச் சுண்டெலி, பெருமைக்கு மயில். பாட்டிக்கு ஆட்டுக்குட்டிதான் சரி. "ஆஸ் ஜென்டில் ஆஸ் எ லாம்ப்". இதைத் தங்கச்சியை எழுதச் சொல்லுங்கள், மதிப்பெண் கிடைத்துவிடும்.

காட்பாடிப் பெண்

அண்ணா, முதலில் உங்கள் மகளிடம் சொல்லுங்கள், அவள் திட்டவே இல்லை. நான் இதைவிடப் பெரிய தவறு செய்தவள்.

நான் நர்ஸ். வேலூரில் படித்து, அங்கேயே சில வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் இருக்கிறேன். வந்த முதல் மாதம், அறுவை சிகிச்சைக்கு வந்த ஒரு பெரியவரிடம் விவரம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி, "ஹி டிரிங்ஸ் லைக் எ ஃபிஷ்" என்றார். மீன் தண்ணீரிலேயே இருக்கிறது, ஆகவே இவர் நன்றாகத் தண்ணீர் குடிப்பவர் என்று நினைத்து அப்படியே எழுதினேன். எனக்கு அது நல்ல செய்தியாகக்கூடப் பட்டது.

அதற்கு அர்த்தம் மொடாக்குடியர் என்பது. மது மட்டும்தான், தண்ணீர் கணக்கிலேயே இல்லை. தினமும் அதிகமாகக் குடிப்பவர் மருத்துவமனைக்கு வந்து திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் கை நடுக்கம், குழப்பம், சிலருக்கு வலிப்புகூட வரும். அதற்கு முன்கூட்டியே மருந்து கொடுக்க வேண்டும். அன்று மாலை சீனியர் நர்ஸ் என் குறிப்பைப் படித்துவிட்டு, திரும்பப் போய்க் கேட்டதால்தான் தெரிந்தது. அவர் கேட்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன்.

அதற்கப்புறம் ஒரு சின்ன நோட்டு வாங்கி, நோயாளிகள் சொல்வதை எல்லாம் எழுத ஆரம்பித்தேன். "சிக் ஆஸ் எ டாக்" என்றால் வெறும் உடம்பு சரியில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த ஊரில் 'சிக்' என்றாலே பெரும்பாலும் வாந்தி. விடாமல் வாந்தி எடுத்தேன் என்கிறார் என்று புரிந்துகொள்ள வேண்டும். "ஈட்ஸ் லைக் எ பர்ட்" என்றால் கொறிக்கிறார், சாப்பாடு இறங்கவில்லை. "ஈட்ஸ் லைக் எ ஹார்ஸ்" என்றால் நன்றாகச் சாப்பிடுகிறார். தொண்டையில் தவளை என்றால் குரல் கரகரப்பு. தலைவலி பிடித்த கரடி மாதிரி இருக்கிறார் என்று மகள் சொன்னால், அப்பா காலையிலிருந்து சிடுசிடுவென்று இருக்கிறார் என்று பொருள். இப்படி 4 நோட்டு நிறைந்துவிட்டது.

பட்டியலைப் பற்றித் தம்பி சொன்னதில் ஒரு சின்ன மாற்றம். தேனீயும் மயிலும் பள்ளிப் புத்தகத்தில்தான் அதிகம். வார்டில் நான் கேட்பது குதிரையும் நாயும் மீனும்தான்.

பொய்கை மாட்டுக்காரர்

எங்கள் தாத்தா காலத்திலிருந்து மாட்டு வியாபாரம். செவ்வாய்க்கிழமை தவறாமல் பொய்கைச் சந்தையில் நிற்பேன். பசு என்று சொன்னதற்கு ஒரு பிள்ளையைச் சிரிக்க விட்டார்கள் என்று படித்ததும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பையன் ஆங்கிலப் புத்தகத்தில் 'ஆக்ஸ்' என்று வந்ததற்கு மாடு என்று பொருள் எழுதியிருந்தான். 'புல்' என்பதற்கும் மாடு. 'கௌ' என்பதற்கும் மாடு. அவனை உட்காரவைத்துப் பிரித்துச் சொன்னேன். 'ஆக்ஸ்' என்றால் எருது, காயடித்து வண்டிக்கும் ஏருக்கும் பழக்கியது. "ஆஸ் ஸ்ட்ராங் ஆஸ் ஆன் ஆக்ஸ்" என்றால் நாள் முழுக்க இழுக்கிற பலம். 'புல்' என்றால் காளை, அது சீறும், குணம் வேறு. தை மாதம் நம் பக்கம் எருது விடும் விழாவில் காளை தெருவில் பாய்ந்து வருவதும், பாரம் ஏற்றிய வண்டியை எருது மேட்டில் இழுப்பதும் ஒரே விதமான பலமா? இல்லையே. மாட்டைத் தெரிந்தவனுக்கு ஆங்கில உவமை சுலபம். பிள்ளைகளுக்கு மாடே தெரியவில்லை, அதுதான் பிரச்சினை.

இன்னொன்று. தானமாக வந்த குதிரையின் வாயைப் பார்க்காதே என்று ஆங்கிலத்தில் ஒரு பழமொழி இருப்பதைப் பையன் படித்துக் காட்டினான். நான் அசந்துபோனேன். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நாம் சொல்வது அப்படியே இருக்கிறது! சந்தையில் முதலில் நாங்கள் செய்வதே வாயைத் திறந்து பல் பார்ப்பதுதான். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கீழே எட்டு. பால்பல் விழுந்து இரண்டு பல் போட்டிருந்தால் ஏறக்குறைய இரண்டு வயது. நாலு பல், ஆறு பல், அப்புறம் எட்டும் போட்டுவிட்டால் கடைப்பல். அதை வைத்துத்தான் விலை. குதிரைக்கும் பல்லில்தான் வயது பார்ப்பார்கள். சும்மா கொடுத்ததற்கு வயது பார்க்கிறாயே என்று அந்த ஊர் கிழவனும் நம்ம ஊர் கிழவனும் ஒரே வார்த்தையில் திட்டியிருக்கிறார்கள். ஆகையால் எல்லாமே வேறு வேறு என்று பயப்பட வேண்டாம்.

விரிஞ்சிபுரம் ஐயா

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆங்கிலக் கேள்விக்குத் தமிழாசிரியர் ஏன் வருகிறார் என்று நினைக்க வேண்டாம். இந்தக் குழந்தைக்கு வேண்டிய பதில் நம் அணியிலக்கணத்திலேயே இருக்கிறது.

உவமை என்றால் நான்கு உறுப்பு. எதைச் சொல்ல வருகிறோமோ அது பொருள். எதைக் காட்டிச் சொல்கிறோமோ அது உவமை. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது பொதுத்தன்மை. இணைக்கும் சொல் உவம உருபு. போல, ஒப்ப, நிகர, அன்ன என்று நன்னூல் பன்னிரண்டு உருபுகளைச் சொல்லி, பிறவும் உண்டு என்று முடிக்கும்.

இதில் உயிர்நாடி பொதுத்தன்மைதான். தண்டியலங்காரம் இதை வைத்தே உவமையைப் பிரிக்கிறது. பொதுத்தன்மை வெளிப்படையாக வந்தால் விரியுவமை. 'பவளம் போல் சிவந்த வாய்' என்பதில் சிவப்பு வெளியே நிற்கிறது. அது மறைந்து நின்றால் தொகையுவமை. 'தாமரை போல் முகம்' என்பதில் எந்த வகையில் தாமரை என்று சொல்லவில்லை, கேட்பவரே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

இப்போது ஆங்கிலத்தைப் பாருங்கள். 'ஆஸ் … ஆஸ்' என்பதன் நடுவே ஒரு பண்புச் சொல் வரும். ஸ்ட்ராங், ஜென்டில், பிஸி. அதுதான் பொதுத்தன்மை. ஆகவே அது விரியுவமை. 'லைக்' என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் பண்பு மறைந்துவிடும். அது தொகையுவமை. தொகையுவமை பலிக்க வேண்டுமானால் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அந்த விலங்கைப் பற்றி ஒரே எண்ணம் இருக்க வேண்டும். குடியாத்தத்தில் பசு என்றதும் மனதில் வருவது சாந்தம், தாய்மை, வாய் பேசாத பொறுமை. ஆங்கிலேயர் மனதில் வருவது அதுவன்று. குழந்தை எழுதிய வாக்கியத்தில் இலக்கணப் பிழையே இல்லை. நிரப்ப வேண்டிய இடத்தை வேறொருவர் வேறு சொல்லால் நிரப்பிவிட்டார், அவ்வளவுதான். நர்ஸ் அம்மாவுக்கு நடந்ததும் அதுவே. மீன் என்றதும் அவர் நிரப்பியது தண்ணீர், அந்த அம்மையார் சொல்லாமல் விட்டது மது.

இன்னும் ஒன்று. தொல்காப்பியம் உவமை பிறக்கும் இடத்தை 'வினை பயன் மெய் உரு' என்று நான்காகச் சொல்லும். செயல், பயன், வடிவம், நிறம். ஆங்கில உவமையைக் கேட்டதும் இந்த நான்கில் எது என்று மாணவர் தம்மைக் கேட்டுக்கொண்டால் பாதி புரிந்துவிடும். தேனீயும் மீனும் வினை. நத்தையும் வினைதான், அதன் வேகத்தை நாமும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆங்கிலத்தில் விலங்கு உவமைகளில் மிகப் பெரும்பாலானவை வினையிலும் குணத்திலும் பிறந்தவை என்பது என் கணிப்பு.

குழந்தையிடம் இதையும் சொல்லுங்கள். நன்னூல் மாணாக்கரை மூன்று தரமாக்கி, எட்டு உவமை சொல்கிறது. முதல் தரத்துக்கு இரண்டே இரண்டு, அன்னமும் பசுவும். பசு புல்லைக் கண்ட இடத்தில் வயிறார மேய்ந்துவிட்டு, பிறகு ஓரிடத்தில் படுத்து அசைபோடும். கேட்டதை எல்லாம் கேட்டுக்கொண்டு, பிறகு தனியே இருந்து சிந்திக்கும் மாணவர் பசு. கிளி நடுத்தரம், சொன்னதையே சொல்லும். ஆடு கடைத்தரம், ஒரு செடியிலும் நின்று மேயாது. எருமையும் கடைத்தரம், குளத்தைக் கலக்கிவிட்டுக் குடிக்கும். நம் இலக்கணத்தில் பசு என்பது முதல் தர மாணவருக்குப் பட்டம்.

தோட்டப்பாளையம் லாட்ஜ்

ஐயா சொன்னது நன்றாகப் புரிந்தது. ஆனால் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு.

நான் லாட்ஜ் வரவேற்பில் 12 வருடமாக இருக்கிறேன். வைத்தியத்துக்காக வங்காளம், அஸ்ஸாம், ஜார்க்கண்ட், பங்களாதேஷ் என்று பல இடத்திலிருந்து வருகிறார்கள். தமிழும் இல்லாமல், நல்ல ஆங்கிலமும் இல்லாமல், அரை இந்தி அரை வங்காளியில்தான் பேச்சு. எங்கள் அனுபவத்தில் மிருகத்தை உவமை சொல்லாமல் இருப்பதே நல்லது.

ஆந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அது அறிவாளி, "ஆஸ் வைஸ் ஆஸ் ஆன் அவுல்". இந்தியில் 'உல்லு' என்றால் முட்டாள், கோபத்தில் சொல்கிற வார்த்தை. வங்காளிகளுக்கு வெள்ளை ஆந்தை லட்சுமியின் வாகனம், வீட்டுக்கு வந்தால் சந்தோஷப்படுவார்கள். நமக்கு அது வீட்டுக் கூரையில் உட்கார்ந்தாலே மனசு கலங்கும். 'ஆந்தை மாதிரி முழிக்கிறான்' என்றும் சொல்வோம். நான்கு மொழிக்காரர்களும் ஒரே சமயத்தில் என் மேசை முன்னால் நிற்பார்கள். நான் ஆந்தை என்று சொன்னால் நான்கு பேரும் நான்கு விதமாகப் புரிந்துகொள்வார்கள். அதனால்தான் சொல்கிறேன், பாட்டி சாந்தமானவர் என்றால் சாந்தமானவர் என்றே எழுதிவிட்டுப் போகலாம். குழந்தைகள் மேல் எதற்கு இந்தப் பாரம்?

விரிஞ்சிபுரம் ஐயா

ஆந்தை உதாரணம் அருமை. அதை நான் இனி மாணவர்களுக்குச் சொல்வேன். ஆங்கிலத்தின் ஆந்தை கிரேக்கத்திலிருந்து வந்தது. அறிவுக்குத் தெய்வமான அதீனாவின் பறவை அது. இன்றைக்கும் கிரேக்க நாட்டின் ஒரு யூரோ நாணயத்தில் பழைய ஆதென்ஸ் நாணயத்து ஆந்தை இருக்கிறது. அங்கே பொதுத்தன்மை குணம்கூட இல்லை, தெய்வத்தோடு உள்ள உறவு. நமக்கு மயில் எப்படியோ அப்படி.

ஆனால் முடிவை ஒப்புக்கொள்ள முடியவில்லை. நீங்கள் உவமை சொல்லாமல் இருக்கலாம், பிறர் சொல்வதை நிறுத்த முடியாது. காட்பாடிப் பெண்ணிடம் அந்த அம்மையார் அனுமதி கேட்டுவிட்டா மீனைச் சொன்னார்? புரிந்துகொள்ளும் கடமை நம்மை விடாது.

தோட்டப்பாளையம் லாட்ஜ்

புரிந்துகொள்ள வேண்டும் என்பதை ஏற்கிறேன் ஐயா. எழுத வேண்டுமா என்பதில்தான் என் தயக்கம். பட்டியலை மனப்பாடம் செய்து தேவையே இல்லாத இடத்தில் தேனீயையும் நரியையும் திணித்து எழுதிய விண்ணப்பங்களை நான் பார்த்திருக்கிறேன். வேலைக்கு எழுதும் கடிதத்தில் 'நான் தேனீயைப் போல் பிஸியானவன்' என்று ஒருவர் எழுதியிருந்தார். பாவம், நல்ல உழைப்பாளி. அந்த வரியால் சின்னப் பையன் மாதிரி தெரிந்தார்.

ஆம்பூர் தோல்

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் ஏற்றுமதிப் பிரிவில் வெளிநாட்டு வியாபாரிகளோடு கடிதப் போக்குவரத்து பார்ப்பவன். அவர்கள் எழுதுவது புரியாவிட்டால் சரக்கே நின்றுவிடும். நானாக எழுதும்போது விலங்கு எதையும் தொடுவதில்லை. இருபது வருடமாக இதுதான் என் வழக்கம்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. பொய்கை அண்ணன் மாட்டைப் பிரித்த மாதிரி ஆட்டையும் பிரிக்க வேண்டும். தமிழில் பொதுவாக ஆடு என்று முடித்துவிடுவோம், தேவைப்பட்டால்தான் வெள்ளாடு, செம்மறி. ஆங்கிலத்தில் 'கோட்' வேறு, 'ஷீப்' வேறு, வெள்ளாட்டுக் குட்டி 'கிட்', செம்மறிக் குட்டி 'லாம்ப்'. எங்கள் தொழிலில் இவை கலந்தால் பெரிய நஷ்டம், ஒவ்வொரு தோலும் ஒவ்வொரு விலை. உவமையிலும் அப்படித்தான். லாம்ப் என்றால் சாந்தம், கள்ளமின்மை. அதற்குப் பின்னால் பைபிள் இருக்கிறது. வளர்ந்த ஷீப் என்றால் சுயபுத்தி இல்லாமல் கூட்டத்தோடு போகிறவன், நாம் ஆட்டுமந்தை என்கிற அதே பொருள். 'பிளாக் ஷீப்' என்றால் குடும்பத்துக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறவன். ஆகவே சத்துவாச்சாரி தம்பி சொன்ன ஆட்டுக்குட்டியை எழுதப் போய், 'லாம்ப்' என்பதற்குப் பதில் 'ஷீப்' என்று குழந்தை எழுதிவிட்டால் மறுபடியும் சுழி விழும்.

எங்கள் தொழிலிலிருந்தே ஒரு சொல் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. ஒருவரை மனம் நோகாமல் பக்குவமாக நடத்துவதை 'கிட் கிளவ்ஸ்' போட்டுக் கையாள்வது என்பார்கள். கிட் என்றால் வெள்ளாட்டுக் குட்டித் தோல். அதைத் தொட்டுப் பார்த்தவருக்கு அந்த உவமைக்கு விளக்கமே வேண்டாம். கன்னத்தில் வைத்தால் தோல் என்றே தெரியாது, அவ்வளவு மெத்தென்று இருக்கும். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பிள்ளைகளுக்கு இந்த ஒரு சொல்லையாவது தோலைக் கையில் கொடுத்துச் சொல்லித்தர வேண்டும் என்று எனக்கு ஆசை.

சத்துவாச்சாரி தம்பி

ஆட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. இப்போது கிரிக்கெட் வீரர்களுக்குக் கீழே ஆட்டுப் படம் போட்டு 'கோட்' என்று எழுதுகிறார்களே, அது உவமை கிடையாது. எக்காலத்திலும் சிறந்தவர் என்பதற்கான நான்கு ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள் சேர்ந்தது. எங்கள் மாமா அதைப் பார்த்துவிட்டு, தோனியை ஏன் ஆடு என்று திட்டுகிறார்கள் என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

ஐயா, மயில் பற்றிச் சொல்லுங்களேன். வள்ளிமலையில் அவ்வளவு மயில்கள் இருக்கின்றன. எங்கள் வீட்டில் அக்காவை மயில் மாதிரி இருக்கிறாள் என்பார்கள். பட்டியலில் அது 'பிரவுட்' என்று இருக்கிறது. பெருமை நல்ல விஷயம்தானே?

விரிஞ்சிபுரம் ஐயா

அந்த 'பிரவுட்' என்பது பெற்ற பிள்ளையை நினைத்துப் பூரிக்கும் பெருமை அன்று, தற்பெருமை. தோகையை விரித்துத் தன்னைக் காட்டிக்கொண்டு நிற்பதை அவர்கள் எடுத்தார்கள். நாம் எடுத்தது சாயலை, நடையை, முருகனின் வாகனம் என்ற உறவை. ஒரே பறவை, ஒரே தோகை. பார்த்தவர்கள் எடுத்துக்கொண்ட பொதுத்தன்மைதான் வேறு. உங்கள் அக்காவை ஆங்கிலத்தில் மயில் என்று எழுத வேண்டாம் தம்பி. யானை நடை என்பதையும்தான். நம் புலவர்கள் பெண்ணின் நடைக்குப் பிடியானையைச் சொன்னால் அது பாராட்டு. ஆங்கிலத்தில் கனத்தையே நினைப்பார்கள்.

பொய்கை மாட்டுக்காரர்

யானை என்றதும் ஞாபகம் வருகிறது. பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் ஆந்திரா காட்டிலிருந்து யானை இறங்கி வாழையையும் நெல்லையும் மிதித்துவிட்டுப் போகும். குடியாத்தத்துக்காரருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். நாம் 'வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி' என்கிறோம். ஆங்கிலத்தில் அதற்குப் பீங்கான் கடைக்குள் காளை புகுந்தது என்று சொல்வதாகப் பையன் சொன்னான். கடையும் மாறியிருக்கிறது, பிராணியும் மாறியிருக்கிறது, உடைகிற சத்தம் ஒன்றுதான். அவர்கள் ஊரில் யானை இல்லை, காளை இருந்தது, சொல்லிவிட்டார்கள்.

காட்பாடிப் பெண்

இப்படி ஜோடி சேர்ப்பதைத்தான் நானும் என் நோட்டில் செய்கிறேன். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி என்போமே, அதற்கு ஆங்கிலத்தில் வாத்தின் முதுகில் விழுந்த தண்ணீர். எவ்வளவு திட்டினாலும் உறைக்காது என்பதுதான் இரண்டுக்கும். வாத்து தன் வால் பக்கத்துச் சுரப்பியிலிருந்து எண்ணெய் எடுத்து அலகால் இறகெல்லாம் தடவிக்கொள்ளும், தண்ணீர் ஒட்டாமல் வழிந்துவிடும். ஆனால் நாம் எருமையைச் சொன்னால் அதில் ஏளனம் இருக்கும். வாத்தைச் சொன்னால் சில சமயம் பாராட்டு. யார் என்ன பேசினாலும் மனசில் ஏற்றிக்கொள்ளாதவர் என்று நல்லவிதமாகச் சொல்வார்கள். கோழித் தூக்கத்துக்கு அவர்களிடம் பூனைத் தூக்கம், 'கேட் நாப்'. கோழித் தூக்கம் என்றால் அரைகுறை. பூனைத் தூக்கம் என்றால் பகலில் கொஞ்ச நேரம் கண் அயர்ந்து புத்துணர்வோடு எழுவது.

ஒரே படமாக இருந்தும் பொருள் விலகுவதுதான் மிகவும் ஏமாற்றுகிறது. தரையில் விழுந்த மீன் என்றால் நமக்குத் துடிப்பு, உயிர் போகிற வேதனை. இவர்கள் 'ஃபிஷ் அவுட் ஆஃப் வாட்டர்' என்றால் புது இடத்தில் பழக்கமில்லாமல் தவிக்கிறான் என்று மட்டும்தான். நான் வந்த புதிதில் ஒரு டாக்டர் அதைச் சொல்லி என்னிடம் அன்பாக விசாரித்தார். நான் அவ்வளவு மோசமாகவா இருக்கிறேன் என்று அன்றிரவு அறையில் அழுதேன். அவர் சொன்னது, "புது ஊர், கொஞ்ச நாளில் பழகிவிடும்" என்பதுதான் என்று பின்னால் புரிந்தது.

அப்புறம் எலி. நமக்கு எல்லாம் எலிதான். இங்கே 'மவுஸ்' என்றால் பயந்த, சத்தமில்லாத ஆள். 'ராட்' என்றால் காட்டிக்கொடுப்பவன், துரோகி. சாதுவான ஒரு பெண்ணை 'ராட்' மாதிரி அமைதி என்று என்னோடு வந்த தோழி சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

தோட்டப்பாளையம் லாட்ஜ்

இதைத்தான் நான் சொன்னேன் அம்மா. ஆனால் உங்கள் நோட்டு எனக்கும் வேண்டும். படம் எடுத்துப் போட முடியுமா? நோயாளிகளின் பெயர் ஏதும் இல்லாத பக்கங்கள் போதும்.

வௌவாலைப் பற்றியும் ஒரு சந்தேகம். "ஆஸ் பிளைண்ட் ஆஸ் எ பாட்" என்கிறார்களே, வௌவாலுக்குக் கண் தெரியாதா?

காட்பாடிப் பெண்

தெரியும் அண்ணா. பழந்தின்னி வௌவாலுக்குப் பெரிய கண், இரவில் நன்றாகவே பார்க்கும். பூச்சி தின்னும் சின்ன வௌவால்கள் ஒலியை எழுப்பி எதிரொலியை வைத்து வழி கண்டுபிடிக்கின்றன, அவற்றுக்கும் கண் உண்டு. உவமை உண்மையைப் பார்த்து வருவதில்லை, ஜனங்கள் நம்பியதைப் பார்த்து வருகிறது. சிட்டுக்குருவியும் தன் உடம்பு எடைக்கு நிறையவே சாப்பிடும். ஆனாலும் இங்கே பறவை என்றால் கொறிப்பவர்தான்.

நோட்டுப் பக்கங்களை ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன்.

குடியாத்தத்துக்காரன்

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நேற்று இரவு மகளை உட்காரவைத்து எல்லாப் பதிலையும் படித்துக் காட்டினேன். ஐயா எழுதிய விரியுவமை, தொகையுவமை இரண்டும் அவளுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. நன்னூல் பசுவை மூன்று முறை படிக்கச் சொன்னாள்.

ஆட்டுக்குட்டி என்று மாற்றி எழுதுகிறாயா என்று கேட்டேன். மாட்டேன் என்றுவிட்டாள். பாட்டி ஆட்டுக்குட்டியை வளர்த்ததே இல்லை, நம் வீட்டில் இருப்பது பசுதான் என்றாள். அப்புறம் அவளாகவே யோசித்து இப்படி எழுதினாள்: "மை கிராண்ட்மதர் இஸ் ஆஸ் ஜென்டில் ஆஸ் அவர் கௌ லட்சுமி. லட்சுமி ஹாஸ் நெவர் கிக்ட் எனிஒன்." பண்பை நடுவில் வைத்துவிட்டாள், எந்தப் பசு என்றும் சொல்லிவிட்டாள். இதை ஆங்கிலம் தெரிந்த யாரும் தப்பாக எடுக்க முடியுமா? லாட்ஜ் அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

ஆசிரியையிடம் நாளைக்குக் காட்டப் போகிறாள். நானும் கூடப் போவதாக இருக்கிறேன். சண்டை போட இல்லை, வீட்டில் பசு என்றால் என்ன பொருள் என்று மட்டும் சொல்லிவிட்டு வரலாம் என்று.

தோட்டப்பாளையம் லாட்ஜ்

முடியாது. இரண்டு வரியும் சேர்ந்து இருந்தால் யாரும் தப்பாக எடுக்க முடியாது. குழந்தை என்னைத் தோற்கடித்துவிட்டாள், எனக்கு அதில் சந்தோஷம்தான்.

விரிஞ்சிபுரம் ஐயா

"உதைத்ததே இல்லை" என்ற அந்த இரண்டாவது வரி தொல்காப்பியர் சொன்ன வினை. அதை அவளிடம் சொல்லுங்கள்.

குடியாத்தத்துக்காரன்

சொல்கிறேன் ஐயா. அம்மாவிடமும் நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். தன்னைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "அந்த ஊர்ல பசுவ ஏம்ப்பா அப்படிப் பேசறாங்க, அங்க யாரும் மாடு வளக்கறதில்லையா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. காட்பாடித் தங்கச்சிக்குத் தெரியுமா?

காட்பாடிப் பெண்

நிறைய வளர்க்கிறார்கள் அண்ணா. ரயிலில் போனால் இரண்டு பக்கமும் மேய்ச்சல் நிலம்தான். என் வார்டில் இப்போது ஒரு தாத்தா இருக்கிறார், ஆயுசு முழுக்கப் பால்மாடு வைத்திருந்தவர். மாடுகளின் பெயரை எல்லாம் வரிசையாகச் சொல்வார். மாட்டுக்காரர்கள் வீட்டிலும் அந்த வார்த்தை திட்டுதானா என்று நாளைக் காலை டியூட்டியில் அவரைக் கேட்டுவிட்டு வந்து அம்மாவுக்கு எழுதுகிறேன்.